புயல் சாய்த்த தோப்பில் வன்மரம்



மரத்தின் உள்ளே இறுகி நிற்கும் உறுதிக்குத் தமிழில் பெயர்கள் பல. காழ் என்பர் புலவர்; சேகு என்பர் தச்சர்; வைரம் என்பது ஊர் வழக்கு. தொல்காப்பியத்தின் மரபியல், உறுதியை உள்ளே வைத்திருப்பதை மரம் என்றும், வெளியே வைத்திருப்பதைப் புல் என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லின் சுற்றத்தார் ஆகிவிடுகின்றன. இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று புல்லோடு சேர்த்தே வைக்கிறது என்பதை நீங்கள் வகுப்பறையில் படித்திருப்பீர்கள்.

வைரம் எப்படி உண்டாகிறது? மரத்தண்டின் வெளிப்பகுதி வேரிலிருந்து நீரை மேலே ஏற்றும் வேலையைச் செய்கிறது. தச்சர் அதனை வெளிறு என்று ஒதுக்குவர். ஆண்டுகள் செல்லச் செல்ல, உட்புறத்து வளையங்கள் உயிர்த்தொழில் நீங்கி, பிசினும் எண்ணெயும் நிறப்பொருள்களும் தம்முள் நிரம்பப் பெற்று இறுகுகின்றன. அப்பொருள்களே கறையானையும் பூஞ்சையையும் தடுப்பவை. உரமிட்டு மரத்தை விரைவில் பருக்கச் செய்யலாம். வைரத்தை அவ்வளவு விரைவில் ஏற்றிவிட முடியாது. ஆகவே ஒரு தென்னந்தோப்பு புயலில் விழுந்தால் இழப்பைக் காய்களால் கணக்கிடுகிறோம். வன்மரத் தோப்பு விழுந்தாலோ, அதனை ஆண்டுகளால்தான் கணக்கிட வேண்டும். அவ்வாறு விழுந்த தோப்பொன்றை மீண்டும் எழுப்புவதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

தமிழ்நாட்டின் கீழைக் கரை புயலுக்குப் புதியதன்று. அண்மைக் காலத்தில் மட்டும் மூன்றினை நினைவிற் கொள்ளலாம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிற்று. முந்திரிக் காடுகளோடு பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் சாய்ந்தன. பலா என்றதும் நமக்குச் சுளைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தஞ்சாவூர் வீணையின் குடமும், மிருதங்கத்தின் கட்டையும் முதிர்ந்த பலாவிலிருந்தே கடையப்படுகின்றன. மறு ஆண்டே ஒரு கன்று வைத்துவிடலாம். அந்தக் கன்று நாதம் தரும் மரமாவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும்.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் பிற்பகலில் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. நகரத்துச் சாலைகளிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே புகுந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, ஆலங்குடி வட்டாரங்களைப் பாழாக்கிற்று. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு நிவாரணமாக அறிவித்தது. நட்டு நாற்பது ஆண்டு காத்த மரத்தின் விலைக்கும், அதை அப்புறப்படுத்தும் கூலிக்கும் இடையே நூறு ரூபாய்தான் வேறுபாடு என்பதைப் பார்க்கும்போது, புயல் செய்த கணக்கு எத்தகையது என்று விளங்குகிறது. தென்னையோடு வரப்புகளில் நின்ற தேக்கும், மாவும், பலாவும் வேரோடு போயின.

நான் வாழும் ஊர் கூரம். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள சிற்றூர். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றால் பலருக்குத் தெரியும். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேச்சுரவர்மன் என்னும் பல்லவ மன்னன் வெளியிட்ட செப்பேடு இவ்வூர்ப் பெயராலேயே கூரம் செப்பேடு என்று வழங்குகிறது. அங்கே எழுப்பிய சிவன் கோயிலுக்கும், மண்டபத்தில் பாரதம் படிப்பவர்க்கும் மன்னன் வகுத்த பங்குகளை அது கூறுகிறது; பரமேச்சுர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகுக் கால்வாயையும் குறிப்பிடுகிறது. நீரை முதலில் கொண்டுவந்த பின்னரே மற்றவற்றைப் பேசினார்கள் என்பது என் மனத்தில் பதிந்த செய்தி.

வர்தா எங்கள் ஊருக்கு வந்தபோது கடற்கரையில் இருந்த வேகம் அதற்கு இல்லை. ஆயினும் என் பெரியப்பா வைத்து வளர்த்த முக்கால் ஏக்கர் தோப்பைக் கலைக்க அதுவே போதுமானதாயிற்று. இருபது ஆண்டுத் தேக்குகள் வரிசையாக நின்ற இடத்தில் பாதிக்கு மேல் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துவிட்டன. வடமூலையில் இருந்த இரண்டு இலுப்பைகள் சில கிளைகளை இழந்ததோடு நின்றன. வேம்பில் சில நின்றன, சில முறிந்தன. நாட்டு மரம் நிற்கும், அயல் மரம் விழும் என்று அப்போது பலரும் எழுதினார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தேக்கும் நம் நாட்டு மரந்தான். எங்கள் தோப்பில் விழுந்தது அதுவே.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. விழுந்த மரத்தின் வேர்த்தட்டு நிமிர்ந்து நின்று தன் வரலாற்றைத் தானே காட்டிற்று. அந்த நிலம் முன்பு நெல் விளைந்த நிலம். பல காலம் சேறடித்து உழுத நிலத்தில், மேல்மண்ணுக்குக் கீழே ஒரு சாணளவில் இறுகிய படலம் ஒன்று அமைந்துவிடும். நெல்லுக்கு அது நல்லது. தண்ணீரைக் கீழே இறங்கவொட்டாமல் தாங்கும். மரத்துக்கோ அது பாறைக்குச் சமம். எங்கள் தேக்குகளின் வேர்கள் அப்படலத்தைத் தொட்டதும் திரும்பி, பாய்போலப் பக்கவாட்டில் பரந்திருந்தன. இன்னும் சிலவற்றில், அடிவேர் கயிற்றுப்புரிபோலத் தன்னையே சுற்றிக்கொண்டு கிடந்தது. பாலிதீன் பையில் அளவுக்கு மீறி நாள்பட்ட கன்றின் அடையாளம் அது. பைக்குள் வட்டமிடப் பழகிய வேர், மண்ணுக்கு வந்த பின்னும் அவ்வட்டத்தை விடுவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றங்காலில் நிகழ்ந்த காலதாமதம் அன்றைய பிற்பகலில் வெளிப்பட்டது.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதலால், நிலம் ஊறியிருந்தது, மரம் விழுந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

காற்றின் கணக்கை இங்கே சுருக்கமாகக் கூறுகிறேன். பௌதிகம் படிப்பவர்கள் மேலே தொடரலாம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது மரத்தின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். அந்த விசை மரத்தின் தலையைப் பிடித்துத் தள்ளுகிறது. மரம் முழுவதும் ஒரு நெம்புகோலாகி, அடியில் வேர்த்தட்டைப் பெயர்க்கிறது. தேக்கின் இலை முறம் போன்றது. அது தை மாதத்துக்கு மேலேதான் உதிரத் தொடங்கும். புயல் மாதமாகிய கார்த்திகையில் மரம் பாயை முழுதும் விரித்த கப்பல்போல நிற்கிறது. நெருக்கமாக வளர்ந்த தோப்பில் மரங்கள் ஒளியைத் தேடி உயர்ந்து, அடி பருக்காமல், தலை மட்டும் கனத்து நிற்கும். இடையில் சிலவற்றைத் திடீரென்று வெட்டி எடுத்துவிட்டால், அதுவரை ஒன்றையொன்று அணைத்து நின்றவை தனித்தனியே காற்றை ஏற்க நேரும். கழித்தலை இளமையிலேயே தொடங்கிச் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும் என்று வனத்துறையார் வற்புறுத்துவது இதனால்தான்.

புயல் ஓய்ந்த மறுநாள் எங்கள் தெருவுக்கு மரவியாபாரிகள் வந்தார்கள். மண்வாரும் இயந்திரத்தோடும் ஒருவர் வந்தார். விழுந்ததையும் நிற்பதையும் சேர்த்து வழித்துத் தரை மட்டமாக்கித் தருவதாகவும், மரத்தைக் கூலிக்குச் சரிக்கட்டிக்கொள்வதாகவும் சொன்னார். எல்லாருடைய மரமும் ஒரே வேளையில் சந்தைக்கு வரும்போது விலை விழுவது இயல்பு. அழிவைக் கண்ணால் காணப் பொறாமல், எப்படியாவது இடம் துப்புரவானால் போதும் என்று மனம் அவசரப்படுவதும் இயல்பு. புயலுக்குப் பின் தோப்புக்கு நேரும் இரண்டாவது ஆபத்து இந்த அவசரந்தான்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இரவில் தென் இங்கிலாந்தில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. நாடு பதறிப்போயிற்று. கனமான இயந்திரங்களைக் காடுகளுக்குள் ஓட்டி, விழுந்தவற்றை இழுத்தெறிந்து, விரைந்து கன்றுகளை நட்டார்கள். சில இடங்களை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, விட்டுவைத்த இடங்களில் தானே முளைத்த மரங்கள் செழித்திருந்தன. துப்புரவு செய்த பல இடங்களில் இயந்திரச் சக்கரம் மண்ணையும் முளைகளையும் நசுக்கியிருந்தது. இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் டர்னர் ஓக் என்னும் பழைய மரமொன்று இருக்கிறது. அந்தப் புயல் அதனை வேர்த்தட்டோடு சற்றே தூக்கி, மீண்டும் இருந்த இடத்திலேயே அமர்த்திற்று. அது பிழைக்காது என்றே எண்ணினார்கள். ஆனால் முன்னே நலிந்திருந்த அம்மரம் சில ஆண்டுகளில் புதுத் தழை விட்டுத் தழைத்தது. பார்வையாளர் கால்பட்டு இறுகிக் கிடந்த மண்ணைப் புயல் உலுக்கித் தளர்த்தியதே காரணம் என்று தோட்டத்தார் கண்டார்கள். மரத்தைச் சுற்றி மண்ணைத் தளர்த்தும் முறையை அவர்கள் பின்னர் மற்ற மரங்களுக்கும் கையாண்டனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை அடையாற்றில் பிரமஞான சபையின் தோட்டத்தில் உள்ள ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் காற்றில் சாய்ந்தது. விழுதுகளால் அம்மரம் இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.

நாங்கள் வியாபாரிக்கு உடனே விடை கூறவில்லை. முதலில் ஒவ்வொரு மரத்தையும் பார்த்து மூன்று வகையாகப் பிரித்துச் சுண்ணாம்புக் குறியிட்டோம். சாய்ந்தும் வேர் அறாத இளமரங்களைச் சில நாட்களுக்குள்ளாகவே கயிறு கட்டி மெல்ல நிமிர்த்தி, கிளைகளைக் கழித்துப் பாரம் குறைத்து, அடியில் மண் அணைத்தோம். பருமனான மரங்களை நிமிர்த்துவது வீண் வேலை; அவை நிமிர்ந்தாலும் அறுந்த வேர் கூடாது. தண்டு முறிந்து வேர் மண்ணிலேயே இருப்பவற்றை, சீவிய சாய்வாகத் தரையை ஒட்டி அறுத்துவிட்டோம். தேக்கு மறுதாம்பு விடும் சாதி. அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு தளிர்கள் வரும். அவற்றுள் நேரானதாக, தரைக்கு மிக அருகில் கிளைத்ததாக ஒன்றை விட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். ஏற்கெனவே ஆழம் கண்ட வேரின் பலம் அதற்கு இருப்பதால், புதுக் கன்றைக் காட்டிலும் அது இரண்டு மூன்று ஆண்டு முந்திக்கொள்கிறது. வேரோடு பெயர்ந்தவை மட்டுமே விற்பனைக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றையும் நிழலில் அடுக்கி வைத்து, விலை திரும்பும்வரை பொறுத்திருந்தோம். சில மரவகைகளைக் குளத்தில் ஊறப்போடுவது நம் ஊர்ப் பழக்கம். 2005 ஜனவரியில் சுவீடன் நாட்டில் புயல் சாய்த்த ஏழரைக் கோடி கன மீட்டர் மரத்துள் ஒரு பகுதியை அவர்களும் மலைமலையாக அடுக்கி, இரவும் பகலும் தண்ணீர் தெளித்துத்தான் காப்பாற்றினார்கள். ஈரம் நிறைந்த மரத்துக்குள் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலையில்லை.

இனி, காலியான இடத்தில் என்ன செய்வது? வீட்டில் இதனைப்பற்றி நடந்த பேச்சு எளிதாக இருக்கவில்லை.

காஞ்சிபுரத்தைச் சுற்றி நிலத்தை மனையாகக் கேட்பவர் எப்போதும் உண்டு. என் தம்பி தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். “அண்ணா, முப்பது வருஷம் கழித்து வரப்போகிற பணத்துக்கு இன்றைக்கு யார் தண்ணீர் இறைப்பது?” என்று அவன் கேட்டான். அதனைப் பேராசை என்றோ அறியாமை என்றோ ஒதுக்க முடியாது. வன்மரம் வைக்கச் சொல்லும் எவரும் விடை கூறியாக வேண்டிய கேள்வி அது. தைலமரம் வைத்தால் சில ஆண்டுகளில் காகித ஆலைக்குப் போகும். மனையாக்கினால் அடுத்த மாதமே பணம். பெரியப்பாவுக்கு அப்போது எண்பதுக்கு மேல் வயது. திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், “விற்கிறதானால் விற்றுவிடுங்கள் தம்பி, நான் குறுக்கே நிற்கவில்லை. வைக்கிறதானால் பள்ளத்தை ஆழமாக வெட்டுங்கள், நான் வெட்டிய ஆழம் போதவில்லை என்று பார்த்தீர்களே,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தம்பியின் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை சவுக்கு. கடற்காற்று வரும் கிழக்கிலும், வடக்கிலும் தோப்பின் ஓரமாகச் சவுக்கை மூன்று வரிசை வைப்பது. நான்கைந்து ஆண்டில் ஒரு வரிசையை வெட்டி விற்பது. வெட்டிய இடத்தில் உடனே மறுபடி வைப்பது. எந்தக் காலத்திலும் இரண்டு வரிசை நிற்பது. சவுக்கின் வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது என்பது மேலும் ஓர் ஊதியம். காற்றுத் தடுப்புக்கென்றே தேர்ந்த சவுக்கு வகைகளைக் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. தடுப்பு வேலி மதில்போல அடைத்து நிற்கக்கூடாது. மதிலில் மோதிய காற்று அதன்மேல் ஏறி, மறுபுறம் சுழன்று விழுந்து அடிக்கும். பாதிக் காற்றை ஊடே விடும் வேலிதான் தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரை காற்றை மட்டுப்படுத்தும். சவுக்கின் ஊசித்தழை இவ்வேலைக்காகவே அமைந்ததுபோல இருக்கிறது. ஊசித்தழையைக் கண்டு அதனைத் தேவதாருவின் இனம் என்று மயங்கிவிடாதீர்கள். அது பூக்கும் மரம். அதன் கட்டையும் இரும்பாய் இறுகுவது. இதற்கு எதிராக, தாவரவியலார் வன்மரம் என்று சொல்லும் அகலிலை மரங்களின் வகுப்பில், நகத்தால் கீறக்கூடிய இலவமரமும் சேர்ந்துவிடுகிறது! பெயர்களைத் தச்சரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நடுவில் எந்த மரம்? ஒரே மரத்தை ஒரே வயதில் ஒரே வரிசையில் வைத்ததன் விளைவைக் கண்ட பிறகு, கலந்து வைப்பதென்று முடிவு செய்தோம். மறுதாம்பு வந்த தேக்குகள் இருந்த இடத்திலேயே இருக்க, இடைவெளிகளில் வேங்கை, இலுப்பை, வாகை. கால்வாயை அடுத்த தாழ்ந்த பகுதியில் நீர்மருதும் நாவலும். வேங்கையும் இலுப்பையும் தேர் செய்யும் மரங்கள். காஞ்சிபுரத்தைப்போலக் கோயில் நிறைந்த ஊரில், தேர்ச்சக்கரத்துக்கும் அச்சுக்கும் மரம் வேண்டாத காலம் ஒன்று இல்லை. பட்டுத்தறியும் அப்படியே. நெய்த புடவையைச் சுற்றிக்கொள்ளும் உருட்டு மரம் நெளிந்தால் புடவையின் இழுப்பு ஒரு புறம் சாயும்; வைரமேறி உலர்ந்த மரமே அதற்கு ஆகும். மகோகனி விரைவில் பருக்கும் என்று பலர் பரிந்துரைத்தார்கள். நடு அமெரிக்காவிலிருந்து வந்த நல்ல மரந்தான். ஆயினும் எங்கள் மண்ணில் அதன் முதுமையைப் பார்த்தவர் எவருமில்லை என்பதால் ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம். செம்மரமும் சந்தனமும் வைக்க விரும்புவோர், அவற்றை வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறையின் இசைவு வேண்டும் என்பதை நடும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் கோடை கடுமையானது. முந்திய மழை பொய்த்ததால் கிணற்றில் தண்ணீர் இல்லை. நடுவதற்கு ஆடிவரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஏழு மாதம் வீண் போகவில்லை. எந்த அடிக்கட்டை தளிர்க்கிறது, எது தளிர்க்கவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. இலுப்பையடியில் தானே முளைத்திருந்த கன்றுகளும் கண்ணில் பட்டன. பைக்குள் அடைபடாத வேர்கள் அவற்றுக்கு. உளிக்கலப்பையைக் கொண்டு நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக ஆழக் கீறி, இறுகிய படலத்தை உடைத்தோம். பின்னர் இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் பள்ளம். கன்று வாங்கும்போது, ஒவ்வொரு நூற்றிலும் நாலைந்தைப் பை கிழித்து வேரைப் பார்த்தோம். சுற்றிய வேர் கண்டால் அந்தத் தொகுதியையே விட்டுவிட்டோம். நாற்றங்காலின் பொறுப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. ‘இலையைப் பார்த்து வாங்குபவர்களைத்தான் கண்டிருக்கிறேன்’ என்றார். தேக்குக்குப் பைக்கன்று தேவையே இல்லை. கட்டைவிரல் பருமனுள்ள நாற்றுக்குச்சி, அதாவது பக்கவேர்களைக் கழித்து, மேலே ஓரங்குலத் தண்டை மட்டும் விட்ட வேர்க்குச்சி போதும். கடப்பாறையால் துளையிட்டு நட்டு, காற்றிடைவெளி இல்லாமல் மிதித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். கன்றுக்கு முட்டுக்கோல் நடுவோர் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அசைந்தாடும் கன்றே அடி பருத்து வேரைப் பலப்படுத்தும். கட்டிலேயே வளர்ந்த கன்று கட்டு அறுந்த நாளில் சாயும். தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கே குடிநீர் இல்லாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் வேங்கைகளில் நான்கில் ஒன்று அப்போது காய்ந்தது. தம்பி வாரம் ஒரு முறை வேலை முடிந்து வந்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினான். முன்பு கேட்ட கேள்வியை அவன் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எண்ண வேண்டாம், ஊற்றிக்கொண்டேதான் கேட்டான்.

அந்த ஆண்டிலேதான் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுத் திருக்குளத்திலிருந்து அத்திவரதரை வெளியே எழுந்தருளச் செய்தார்கள். அதற்கு முன் 1979. நாற்பதாண்டுக்கு ஒரு முறை அத்திமரத்தாலான அத்திருவுருவம் நீரிலிருந்து வெளிவருகிறது. ஒரு தேக்குக் கன்றை 1979இல் நட்டிருந்தால் 2019இல் அது வாசற்காலுக்கு ஆகும் மரம். நாற்பதாண்டை ஒரே தவணையாக எண்ணப் பழகிய ஊர் இது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

நீண்ட தவணையில் மரம் வளர்த்தவர்கள் நம்மிடையே முன்பும் இருந்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்றும் ஒரு குழுவைக் குறிப்பிடுகிறது. அதன் உறுப்பினரைக் குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தார்கள். ஓராண்டு மட்டும் பதவி வகிப்பவர் கையில், பல்லாண்டு நிற்கும் மரங்கள்! அந்த ஏற்பாடு எவ்வாறு நடந்தது என்பதை வரலாறு படிப்பவர்கள் ஆராய்ந்தால் நலமாக இருக்கும். நம் காலத்துக்கு அண்மையில், மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்தபோது, அதன் ஆட்சியர் கானலியின் முயற்சியால் 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கிற்று. கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. காடுகளில் அது அருகிவிட்டது. ஆனால் தேக்கின் விதை மூடிய பெட்டி போன்றது, எளிதில் முளைப்பதில்லை. சாத்து மேனன் என்பவர் பல வழிகளில் முயன்று, அதனை முளைக்கச் செய்து பெருந்தோட்டமாக்கினார். 1846இல் நட்ட மரங்களில் சில இன்னும் அங்கே நிற்கின்றன. அவை முற்றுவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. மரத்துக்குப் பயன் இல்லாமற் போகவில்லை, பயன் வேறாயிற்று.

2021-22 முதல் தமிழ்நாட்டில் வேளாண் நிலங்களில் பசுமைப் போர்வையைப் பெருக்கும் திட்டத்தின் கீழ் தேக்கு, வேங்கை, மகோகனி முதலிய கன்றுகளை உழவர்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். கன்று இலவசமாகக் கிடைக்கும். பள்ளமும் மூன்று கோடைத் தண்ணீரும் நம்முடைய செலவு. டெல்டாவில் தென்னையை இழந்தவர்கள் மறுபடி தென்னையையே வைக்கும்போது, காற்று வரும் பக்கத்தில் இரண்டு வரிசை வன்மரத்துக்கும் இடம் ஒதுக்கினால், அடுத்த புயலை முதலில் ஏற்பது அவ்வரிசையாக இருக்கும்.

எங்கள் தோப்பில் சவுக்கு முதல் வரிசை வெட்டி விற்றாயிற்று. அந்தப் பணத்தில் கிணறு தூர்வாரப்பட்டது. பெரியப்பா அதனைப் பார்க்க இல்லை. நட்ட எட்டாம் ஆண்டில் மரங்களை அளந்தோம். தரையிலிருந்து நான்கரையடி உயரத்தில் நாடாவைச் சுற்றி அளப்பது வனத்துறை வழக்கம். மறுதாம்புத் தேக்குகள் எல்லாவற்றிலும் முந்தியிருந்தன. நாற்றுக்குச்சியில் வந்தவை அவற்றுக்கு அடுத்தவை. தானே முளைத்த இலுப்பைகள் நாங்கள் நட்டவற்றை எட்டிப் பிடித்துவிட்டன. வேங்கை மெதுவாகத்தான் வருகிறது. இப்போது நெருக்கத்தைக் குறைக்கும் பருவம் வந்துவிட்டது. எட்டு மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறியிட வேண்டும் என்று கணக்கு, ஐந்தைத் தேர்ந்துவிட்டோம். மற்ற மூன்றில் இரண்டு, கிழக்கு ஓரத்தில் காற்றைத் தாங்கி நிற்பவை. அவற்றை அடுத்த சவுக்கு வரிசை தலையெடுக்கும்வரை விட்டுவைக்கலாம் என்று தம்பி சொல்கிறான்.